உதாரணத்துக்கு ஒரு வரதன்

முப்பத்தொன்பது தாள்கள். முப்பத்தொன்பதிலும் வரதன்.

மோகன்ராஜ் தாள்கட்டை மேசைமேல் தட்டி அடுக்கி மறுபடியும் புரட்டினான். ஒரு தாளில் வரதன் கிரேனுக்கு அடியில் நடந்துபோனான். இன்னொன்றில் உலைக்குப் பக்கத்தில் ரப்பர் செருப்போடு நின்றான். மற்றொன்றில் ஃபோர்க்லிஃப்டின் பின்னால் தொற்றிக்கொண்டு போனான். ஒரே செவ்வாய்க்கிழமையில் முப்பத்தொன்பது முறை சாவிடமிருந்து தப்பியிருந்தான்.

இதில் ஒரே ஒரு சிக்கல். அந்த ஆலையில் வரதன் என்று யாரும் கிடையாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் பின்வரிசையில், இரும்பை உருக்கி பம்புகளுக்கு உடல் வார்க்கிற ஆலை அது. அங்கே விபத்து நடக்கப் பார்த்து நடக்காமல் போனால் அதற்கு நியர் மிஸ் என்று பெயர். பார்த்தவன் அதை எழுதிக் கொடுக்க வேண்டும். வாரத்துக்கு ஆளுக்கு ஒன்று, கட்டாயம். பார்ப்பதற்குக் குறைச்சலில்லை. எழுதத்தான் ஒருவருக்கும் வரவில்லை. 'மேலே இருந்து விழுந்துச்சு, கடவுள் காப்பாத்தினார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். போன ஆடிட்டுக்கு வந்த அதிகாரி அதைப் படித்துவிட்டு, "கடவுளோட டோக்கன் நம்பர் என்ன?" என்று கேட்டாராம்.

அதற்குப் பிறகுதான் எழுதக் கற்றுக்கொடுக்க ஓர் ஆளை வைத்தார்கள். முதலில் வந்தவர் பார்த்திபன். அவர் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். அடுத்தது மோகன்ராஜ்.

முப்பத்தொன்பது பேர் கொண்ட மோகன்ராஜின் வகுப்பில் மந்திரமெல்லாம் இல்லை. எழுத்து என்பது வரம் அல்ல, ஸ்பேனர் பிடிப்பது மாதிரி ஒரு வேலை என்பது அவன் கட்சி. பிடித்துக் காட்டினால் எவனுக்கும் வரும். மொத்தம் ஐந்து வரி. நேரம். இடம். யார், என்ன செய்தார். அது ஏன் ஆபத்து. இனி என்ன செய்ய வேண்டும். முதலில் அவன் எழுதுவான், அவர்கள் பார்ப்பார்கள். பிறகு சேர்ந்து எழுதுவார்கள். கடைசியில் அவர்களே எழுதுவார்கள்.

பலகையின் மேல் மூலையில் பார்த்திபன் அழியாத மார்க்கரில் எழுதிவிட்டுப் போன வரிகள் இன்னும் இருந்தன. 'காலை எட்டு பத்து. இரண்டாவது கேட்.' அதற்கடுத்த வரியை யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். அதற்குக் கீழே மோகன்ராஜ் தன் உதாரணத்தை எழுதினான்:

'மதியம் இரண்டு நாற்பது. மூன்றாவது ஷெட். வரதன், டோக்கன் 417, தலைக்கவசம் இல்லாமல் கிரேன் தூக்கிய சுமைக்கு அடியில் நடந்தார். கொக்கி நழுவியிருந்தால் அவர் உயிர் போயிருக்கும். கீழே ஆள் இருக்கும்போது கிரேனை நகர்த்தக் கூடாது.'

தொழிலாளிகளின் டோக்கன் நம்பர்கள் அந்த ஆலையில் 416-இல் முடிகின்றன. அதனால்தான் 417 என்று போட்டான். யார் மனதும் புண்படாது என்று நினைத்தான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வரியை வளர்க்கும் பயிற்சி என்று ஒன்று இருந்தது.

"'வரதன் நடந்தார்.' இது ஒரு வரி. ஆனா பத்தாது. என்னென்ன தெரியல இதுல?"

"எப்டி நடந்தாருன்னு தெர்ல சார்," என்றார் பச்சையப்பன். இருபத்திரண்டு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறவர்.

"சொல்லுங்க, எப்படி?"

"நொண்டிகினு."

"ஏன்?"

"ஏன்னா சின்ன வயசுல எடது கால் மேல டிராக்டர் ஏறிடுச்சி."

"எந்த ஊர்க்காரர்?"

"வள்ளூரு சார்," என்றாள் இளமதி. வார்ப்புகளில் விரிசல் பார்க்கும் பிரிவில் இருப்பவள். "டீ குடிக்கப் போறாரு. சக்கர இல்லாத டீ."

"ஏன் சக்கரை இல்லாம?"

"ஊட்டம்மா கோச்சிகினு பொறந்த ஊட்டுக்குப் போச்சு. அன்னிலேர்ந்து இனிப்பு வுட்டுட்டாரு. அது ஒரு பேஜாரு சார், அப்பறம் சொல்றேன்."

வகுப்பே சிரித்தது. மோகன்ராஜுக்கும் உள்ளூரப் பெருமை. இரண்டு சொல் கொண்ட வரி, கேள்வி கேட்கக் கேட்க ரத்தமும் சதையுமாக எழுந்து நின்றது. அன்றைக்கு அது நல்ல விஷயமாகத்தான் தெரிந்தது.

இப்போது முப்பத்தொன்பது தாள்.

"யோவ், அது உதாரணம்யா," என்றான் மறுநாள் வகுப்பில். "பலகையில இருந்த பேரை அப்படியே எழுதிட்டீங்களே?"

"அப்டியே எழுதல சார். யோசன பண்ணித்தான் எழுதனோம்," என்றார் பச்சையப்பன், பக்கத்தில் இருந்தவனைக் காட்டி. "இவன் பேர எழுதுனா இவனுக்கு மெமோ வரும். என் பேர எழுதுனா எனுக்கு வரும். வரதன் பேர எழுதுனா யாருக்கு வரும்?"

"யாருக்கும் வராது."

"அதான். நல்ல மன்சன் சார் அவரு."

அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் தொந்தரவு. நான்கு மணிக்குள் தாள்கள் மேலே போயாக வேண்டும். உண்மையைச் சொன்னால், இல்லாத ஆளைக் கற்பனையாக உருவாக்கி ஆவணத்தில் ஏற்றிய பயிற்சியாளன் என்று அவன் சீட்டைத்தான் கிழிப்பார்கள். அவன் இன்னும் தற்காலிகம். இந்த ஆடிட் முடிந்தால்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். இது போனால் போக அவனுக்கு வேறு இடம் கிடையாது. இதற்கு முன் எங்கே இருந்தோம் என்று யோசிக்கவே அவனுக்குப் பிடிக்காது. யோசித்தால் தலைவலிதான் வரும்.

எனவே பயிற்சியாளர் குறிப்பு என்ற கட்டத்தில், முப்பத்தொன்பது தாளிலும், 'வரதனை நேரில் அழைத்து அறிவுரை கூறினேன்' என்று எழுதி அனுப்பிவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை மனிதவளப் பிரிவின் ரம்யா அழைத்தாள்.

"சார், முதல்ல உங்க விஷயம். உங்க ஃபைல்ல ஒரே ஒரு பேப்பர்தான் இருக்கு. அதுவும் அஞ்சே வரி. சர்டிஃபிகேட், வீட்டு விலாசம், எதுவுமே இல்லையே? மணவாள நகர்னு மட்டும் இருக்கு. எந்தத் தெரு?"

"ஸ்டேஷன் பக்கம் மேடம்."

"ஸ்டேஷன் பக்கம் எல்லாத் தெருவும்தான் இருக்கு." அவள் அவன் சட்டையைப் பார்த்தாள். "டெய்லி இதே ஊதாக் கட்டம் போட்ட சட்டையா சார்?"

"இதே மாதிரி அஞ்சு வச்சிருக்கேன்."

"சரி, கொண்டாங்க, பேப்பரைச் சொன்னேன். அடுத்தது வரதன். ஒரே வாரத்துல முப்பத்தொன்பது தப்பு. சிஸ்டம் தானா மெமோ அடிச்சிடுச்சு."

மோகன்ராஜ் மூச்சை விட்டான். "வாங்க ஆள் இருக்காது மேடம். லீவுல..."

"வாங்கிட்டாரே. பதிலும் குடுத்திருக்கார்."

தாளை நீட்டினாள். முத்து முத்தான கையெழுத்து.

'வியாழக்கிழமை காலை ஒன்பது. நோட்டீஸ் பலகைக்குக் கீழே. வரதனாகிய நான் மெமோவைப் பெற்றுக்கொண்டேன். தலைக்கவசம் அணியாதது ஆபத்துதான்; ஆனால் நான் அணியவில்லை, ஏனென்றால் எனக்குத் தலைக்கவசம் இருப்பதாக யாரும் எழுதவில்லை. இனி எழுதிக் கொடுத்தால் அணிந்துகொள்கிறேன்.'

மோகன்ராஜ் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான்.

ஆலைத் தலைவர் ஆராவமுதன் நெற்றியில் ஸ்ரீசூர்ணத்தோடு உள்ளே வந்து அந்தத் தாளை வாங்கிப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"என்னய்யா மோகன்ராஜ், பிரமாதமா எழுதறானே! நேரம், இடம், காரணம், எல்லாம் அதது இடத்துல உக்காந்திருக்கு. உன் கிளாஸ்தானே? நியாயமாவும் கேட்டிருக்கான். ஸ்டோருக்கு எழுதிக் குடுக்காம ஹெல்மெட் எப்படி வரும்? ரம்யா, 417-க்கு ஒரு ஹெல்மெட் எழுதுங்கோ."

எழுதினார்கள். மாலைக்குள் ஸ்டோரிலிருந்து ஒரு தலைக்கவசம் போயிருந்தது. வாங்கியவர் கையெழுத்து: வரதன்.

இது பச்சையப்பனின் திருவிளையாடல் என்று மோகன்ராஜ் முடிவுகட்டினான். நேரே கிரேனுக்குப் போனான். பச்சையப்பன் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"மெமோவுக்குப் பதில் எழுதினது நீங்கதானே?"

"நானா? எனுக்கு 'ஆபத்து' எழுதவே ஆபத்தா இருக்கு சார். ரெண்டாவது எழுத்துக்கு மேல கை வராது." பச்சையப்பன் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "நீங்க இன்னாத்துக்கு சார் இத போய்க் கிளர்றீங்க? நாங்கல்லாம் இத ஒரு தடவ பாத்தாச்சு."

"எதை?"

"தள்ளி நில்லுங்க சார். மேல சும இருக்கு."

மோகன்ராஜ் தள்ளி நின்றான்.

திங்கட்கிழமை வகுப்பில் கண்டிப்பாகச் சொன்னான்: இனி எவனும் வரதன் என்று எழுதக் கூடாது. எழுதினால் தாளைக் கிழிப்பேன். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது.

கண்ணால் பார்த்ததை எழுதினார்கள்.

'காலை பதினொன்று. இரண்டாவது ஷெட். வரதன் அங்கே இல்லை. ஆனால் அவருடைய தலைக்கவசம் கம்பியில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.' இது சுப்பிரமணி, உலைப் பிரிவு. இளமதியின் தாளில், 'வரதன் இல்லை; அவர் கால் இழுபட்ட தடம் மட்டும் மணலில் இருந்தது, ஆகவே வழுக்கும் ஆபத்து' என்று இருந்தது.

"இளமதி, விளையாட்டு போதும்."

"வெளாட்டு இல்ல சார்." அவள் முகத்தில் சிரிப்பில்லை. "ஹெல்மெட்ட நான் தொட்டுப் பாத்தேன். உள்ள ஈரமா இருந்துச்சி. வேர்வ."

முப்பத்தொன்பது பேரும் அவனைப் பார்க்கவில்லை, அவனுக்குப் பின்னால் பலகையைப் பார்த்தார்கள். அவன் திரும்பினான். பலகையில் அவனுடைய ஐந்து வரி அப்படியே இருந்தது. ஒரே ஒரு மாற்றம். 'தலைக்கவசம் இல்லாமல்' என்பதில் 'இல்லாமல்' அழிந்து, அந்த இடத்தில் அதே முத்து முத்தான கையெழுத்தில் 'அணிந்து' என்று இருந்தது.

டீ குடித்தால் தெளியும் என்று கேன்டீனுக்குப் போனான். அஞ்சம்மாள் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆலை கட்டிய நாளிலிருந்து அந்த கேன்டீனை அவள்தான் நடத்துகிறாள். யார் வந்தாலும் போனாலும் அவளுக்கு ஒன்றுதான். ஓரமாக ஒரு டம்ளர் தனியாக மூடி வைத்திருந்தது.

"இது யாருக்கும்மா?"

"அந்த வள்ளூர்க்காரருக்கு நைனா. நொண்டிகினு வருமே. சக்கர போட்டா குடிக்காது."

"நீங்க பார்த்தீங்களா அவரை?"

"ஏன், டீய மூடி வைக்கச் சொல்லிட்டு இப்பத்தான போச்சி? நீ உள்ள வரசொல்லோ அது வெளிய போச்சி. இடிச்சிக்கப் பாத்தீங்க ரெண்டு பேரும். நல்ல வேள."

நியர் மிஸ், என்று மோகன்ராஜின் மனம் அனிச்சையாகப் பெயர் வைத்தது.

இதற்கு ஒரே வழிதான் உண்டு என்று தோன்றியது. எழுத்தால் வந்தவனை எழுதித்தான் அனுப்ப வேண்டும். மேசையில் உட்கார்ந்து வரதன் பெயரில் ராஜினாமா எழுதினான். 'திங்கட்கிழமை மாலை மூன்று. பயிற்சி அறை. வரதனாகிய நான் வேலையை விட்டு நிற்கிறேன்.' நான்காவது வரியில் வந்து நின்றான். காரணம் வேண்டும். காரணம் இல்லாத வரி நிற்காது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் அவன்தான். யோசித்து எழுதினான்: 'ஏனென்றால் இந்த ஆலையில் எனக்கென்று ஓர் இடம் இல்லை.' ஐந்தாவது வரி: 'ஆகவே இது குறித்து ஆவன செய்ய வேண்டும்.'

யாரும் பார்க்காதபோது ரம்யாவின் மேசையில் வைத்துவிட்டு வந்தான். அன்று மாலை முழுக்க அவன் மனம் லேசாக இருந்தது.

மறுநாள் காலை எட்டு பத்துக்கு, வழக்கம்போல, இரண்டாவது கேட்டின் வருகைப்பதிவு மிஷினில் விரலை வைத்தான். மிஷின் சிவப்பு காட்டியது. துடைத்துவிட்டு வைத்தான். சிவப்பு. பத்து விரலையும் வைத்துப் பார்த்தான். செக்யூரிட்டி அவனைப் பார்க்காமல் அவனைத் தாண்டி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோகன்ராஜ் தடுப்புக்கு அடியில் குனிந்து உள்ளே போனான். யாரும் தடுக்கவில்லை. அது அவனுக்கு இன்னும் மோசமாக இருந்தது.

"வாங்க சார், ஒரு நல்ல செய்தி," என்றாள் ரம்யா. "வரதன் ராஜினாமா குடுத்துட்டார்."

"அப்படியா? அடடா."

"விட்டுடுவோமா? நேத்தே கூப்பிட்டுப் பேசிட்டோம். அரை மணி நேரம் இங்கதான் உக்காந்திருந்தார். இடம் இல்லைன்னுதானே எழுதியிருந்தார், ஆவன செய்யச் சொல்லி? ஆராவமுதன் சார் படிச்சுட்டு, இவ்வளவு கோர்வையா எழுதற ஆளை அனுப்பறதாவது, ட்ரெய்னிங்ல ஒரு இடம் இருக்கேன்னார். இன்னைலேர்ந்து நிரந்தரம். ஆர்டர் குடுத்தாச்சு."

"மேடம், அது என்னோட இடம்."

"புரியுது சார். ஆனா அவர் ஃபைல்ல எண்பத்தோரு பேப்பர் இருக்கு. ஊர் இருக்கு, காலுக்கு என்ன ஆச்சுன்னு இருக்கு, வீட்டம்மா கோவிச்சுட்டுப் போனதுகூட இருக்கு." ரம்யா அலமாரியைத் திறந்து ஒரு கோப்பை எடுத்து விரித்துக் காட்டினாள். காலியாக இருந்தது. "உங்களுது ஒண்ணே ஒண்ணு இருந்தது. இப்போ அதையும் காணோம்."

"மேடம், அப்படி ஓர் ஆளே கிடையாது! நான்தான் எழுதினேன்!"

ரம்யா தலையைத் தூக்கினாள். அவன் நின்ற இடத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு எழுந்து, கதவு ஏன் திறந்து கிடக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே சாத்தப் போனாள். மோகன்ராஜ் வழிவிட்டு வெளியே வந்துவிட்டான்.

பயிற்சி அறையின் கதவில் ஒரு சதுரக் கண்ணாடி உண்டு. அதன் வழியாகப் பார்த்தான். முப்பத்தொன்பது பேரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பலகைக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, புதுத் தலைக்கவசம் அணிந்த ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும் இடது காலை இழுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். பலகையில் புதிதாக ஒரு வரி இருந்தது.

'ப்ரஹ்லாத் நடந்தார்.'

"இது பத்தாது," என்றது உள்ளே இருந்த குரல். பொறுமையான, பழகிய குரல். "என்னென்ன தெரியல இதுல?"

"எங்க நடந்தாருன்னு தெர்ல சார்," என்றார் பச்சையப்பன்.

மோகன்ராஜின் கால்கள் அவனைக் கேன்டீனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. மூலை பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அஞ்சம்மாள் பெஞ்சைத் துடைத்துக்கொண்டே வந்தவள், அவன் இருந்த இடத்தில் மட்டும் துணியை வளைத்துக்கொண்டு துடைத்தாள். அந்த ஆலையில் அவனைப் பார்க்கிற கண் அது ஒன்றுதான் என்று பட்டதும் அவனுக்கு அழுகை முட்டியது.

"அம்மா, நீங்களாவது நம்புங்க. வரதன்னு ஒருத்தன் இல்லவே இல்ல. உதாரணத்துக்காக நானா ஒரு பேரை எழுதினேன். அவ்வளவுதான். இப்ப அவன் என் இடத்துல நின்னு கிளாஸ் எடுக்கறான்."

"இன்னாத்துக்கு நைனா ஒடம்ப அலட்டிக்கற? கொஞ்ச நேரந்தான். அப்பறம் ஒண்ணும் தெரியாது." அவள் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். "பார்த்திபன் சாரும் இதே பெஞ்சில குந்திகினு இதையேதான் சொல்லி அழுதாரு: 'மோகன்ராஜுன்னு சும்மா ஒரு பேரு எழுதி, கட்டம் போட்ட சட்டைய மாட்டி வுட்டேன் அஞ்சம்மா, இப்ப அவன் வந்து கிளாஸ் எடுக்குறான்'னு."